நுவரெலியாவில் பானை கழுவிக் கற்ற இங்கிலீஷ்

நான் முதன்முதலாகக் கடல் தாண்டிப் போனது தமிழ் பேசாமல் இருப்பதற்காக. போடியில் இருந்துகொண்டு தமிழ் பேசாமல் இருக்க முடியாது. வாயை மூடிக்கொண்டு வேண்டுமானால் இருக்கலாம். அதனால் என்னைச் சிலோனுக்கு அனுப்பினார்கள். அங்கே கப்பலை விட்டு இறங்கிப் பார்த்தால், பெட்டி தூக்குகிறவரிலிருந்து டீ விற்கிறவர்வரை எல்லோரும் தமிழ்தான் பேசினார்கள். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அறுபதுகளின் கடைசி. எனக்குப் பதினாறு வயது. பதினோராம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். போடி கடைவீதியில் அப்பாவுக்கு ஏலக்காய்க் கடை. எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் ரூத் அக்கா. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே பாடமெல்லாம் இங்கிலீஷில் நடந்தது. மூன்றே வாரத்தில் தகரப் பெட்டியோடு அழுதுகொண்டே திரும்பி வந்துவிட்டாள். கடைவீதியில் ஒரு வருஷத்துக்கு அதுதான் பேச்சு. கேட்டவர்களிடமெல்லாம் அப்பா, "மூத்தவளுக்குப் படிப்பு ஏறல" என்று சொல்லி முடித்துக்கொண்டார். அடுத்த வருஷமே உள்ளூரில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தும் விட்டார்.

இப்போது என் முறை. கொழும்பில் அத்தை வீட்டு மாமா கடை வைத்திருந்தார். அத்தை போகும் சபையைச் சேர்ந்த ஓர் அம்மாள், மலைமேல் நுவரெலியாவில் பெண்பிள்ளைகளுக்கு நான்கு வாரம் இங்கிலீஷ் முகாம் நடத்துகிறார் என்று அத்தை எழுதியிருந்தாள். அப்பா அந்தக் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"நாலு வாரம் இருந்துட்டு வா ஆத்தா. காலேஜுப் பாடம் ஒனக்குப் புரியும்னு அந்தம்மா கைப்பட எழுதிக் குடுத்தாகன்னா மதுரையில சேத்துவிடுறேன். இல்லன்னா கம்பத்துல மாமா வீட்ல கேட்டுக்கிட்டே இருக்காக. அப்புறம் என்னையக் கொற சொல்லக் கூடாது."

கம்பத்து மாமா மகன் நல்லவன்தான். திராட்சைத் தோட்டம் இருந்தது, மோட்டார் சைக்கிள் இருந்தது. அவனிடம் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் நான் படிக்க ஆசைப்பட்டேன். அந்த ஆசை அப்போது எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்றால், அதை வாய்விட்டுச் சொல்லவே கூச்சமாக இருந்தது. "சரிப்பா" என்று மட்டும் சொன்னேன்.

கடல் மூன்று மணி நேரம்தான் என்றார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் என் வயிற்றில் இருந்ததெல்லாம் இரண்டு நாட்டுக்கும் பொதுவான தண்ணீரில் போய்ச் சேர்ந்தது. அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை நான் தொடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த காயல்பட்டினத்து அம்மாள் ஒரு கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதைச் சாப்பிட்டு முடித்தார். "நல்ல கைப்பக்குவம், உங்க உம்மாட்ட சொல்லுங்க" என்றார். கூட வந்த கொழும்பு மாமா கப்பலின் மறு ஓரத்தில் எனக்குப் போட்டியாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

சுங்கத்தில் என் பெட்டியைத் திறந்தார்கள். முகாம் அம்மாளுக்குக் கொடுப்பதற்காக அம்மா அரைக்கிலோ முதல்தர ஏலக்காய் கட்டி வைத்திருந்தாள். அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை முகர்ந்தார். பிறகு பழையபடியே கட்டிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கொழும்பில் இரண்டு நாள். அங்கே ரொட்டிக்குப் பாண் என்று பேர். எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்கு வாங்கிக் கொடுப்பதை அங்கே திடகாத்திரமானவர்கள் மூன்று வேளையும் சாப்பிட்டார்கள். மாடி பஸ்ஸில் மேலே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். மரக்கிளை முகத்துக்கு நேரே வரும்போதெல்லாம் குனிந்தேன். அத்தைதான், "ஏண்டி இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு நிமிர்றே? கண்ணாடி இருக்குல்ல" என்று மானத்தை வாங்கினாள்.

மலை ரயில் விட்டு இறங்கி நுவரெலியாவுக்கு பஸ். பாதி ஏற்றத்தில் பஸ் இருமி, திணறி, நின்று, பின்னால் நகர ஆரம்பித்தது. உள்ளே ஒரே கூச்சல். எனக்கு இதெல்லாம் பழக்கம். எங்கள் ஊர்ப் போடிமெட்டு மலைரோட்டில் பஸ் நின்றால் யாரும் சொல்லாமலே இறங்கி ஆளுக்கொரு கல் எடுத்துப் பின்சக்கரத்துக்குக் கொடுப்பார்கள். நான் குதித்து இறங்கி ஒரு பெரிய கல்லை உருட்டிக்கொண்டு போய் முட்டுக் கொடுத்தேன். பஸ் நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "தங்கச்சி எந்தத் தோட்டம்?" என்றார். போடி என்றேன். அப்படி ஒரு தேயிலைத் தோட்டம் எங்கே இருக்கிறது என்று மலை ஏறி முடியும்வரை யோசித்துக்கொண்டே வந்தார்.

எங்கள் மலைக்கும் அந்த மலைக்கும் ஒரு வித்தியாசம் உடனே கண்ணில் பட்டது. ஏலக்காட்டுக்கு நிழல் வேண்டும். அதனால் எங்கள் பக்கம் மரத்தை விட்டுவைப்பார்கள். அங்கேயோ கண்ணுக்கு எட்டியவரை மலையை ஒட்டக் கிராப்பு வெட்டி வைத்திருந்தார்கள். அழகுதான். ஆனால் ஒதுங்க ஒரு மரம் இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

முகாம் ஒரு பழைய பங்களாவில். இருபத்துச் சொச்சம் பெண்கள்: சிங்களப் பெண்கள், யாழ்ப்பாணத்துப் பெண்கள், கண்டி முஸ்லிம் பெண்கள் இரண்டு பேர், இந்தியாவிலிருந்து நான் ஒருத்தி. நடத்துகிறவர் மிஸ் எடித். ஒல்லியாக, உயரமாக, வெள்ளைக் கவுனும் ஆண்கள் போடும் ஷூவுமாக இருந்தார். அவருக்கு இங்கிலீஷும் சிங்களமும் தெரியும். தமிழ் பேசினால் கண்டுபிடிக்கத் தெரியும். ஏலக்காயைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து நன்றி சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு சட்டத்தைச் சொன்னார். முகாம் முடியும்வரை இங்கிலீஷ் தவிர வேறு எந்தப் பாஷை வாயில் வந்தாலும், அன்றைக்குச் சாயங்காலம் அடுக்களையில் பானை கழுவ வேண்டும். அழுதாலும் இங்கிலீஷில்தான் அழ வேண்டும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் புரியாததால் நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் சொன்னது என்ன என்று பிற்பாடு இன்னொருத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் ராத்திரிச் சாப்பாட்டிலேயே மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பந்தியில் முதல் தடவை போதும் என்று சொல்வதுதான் மரியாதை. பரிமாறுகிறவர் அதைக் காதில் வாங்காமல், "சும்மா சாப்பிடுத்தா" என்று இலையில் வைத்துவிட்டுத்தான் நகர்வார். இங்கே மீன் கட்லட் தட்டு கைமாறி வந்தது. வேண்டுமா என்றார்கள். வேண்டாம், நன்றி என்றேன். எனக்குப் பிழையில்லாமல் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வாக்கியம் அதுதான். தட்டு பாட்டுக்கு நகர்ந்து போய்விட்டது. அடுத்து வந்த உருளைக்கிழங்குக்கும் அதே வாக்கியம். அதுவும் போய்விட்டது. இரண்டாம் தடவை ஒருவரும் கேட்கவில்லை.

"நீர் ஏன் ஒண்டும் சாப்பிடேல்லை?" என்று பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து இந்திராணி கிசுகிசுத்தாள்.

"பசிக்குது. ஆனா அவுக ஒரு தரம்தான் கேட்டாக" என்றேன்.

மிஸ் எடித்துக்குப் பாம்புக் காது. இரண்டு பேரும் பானை கழுவப் போனோம்.

அடுக்களை சோமாவதியின் ராஜ்யம். நாற்பது வயது இருக்கும். மாத்தளைப் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஒரு தோட்டத்துரை வீட்டில் சமையல் செய்தபோது பொறுக்கிய இங்கிலீஷ் அவளிடம் இருந்தது. அந்த இங்கிலீஷில் வினைச்சொல்லே அநேகமாகக் கிடையாது.

"தண்ணீர் சூடு. கை கவனம். பானை பெரியது, நீ சின்னது" என்றாள்.

அப்படியே புரிந்தது. வந்த நாளிலிருந்து முழுசாகப் புரிந்த முதல் இங்கிலீஷ். என் வயிறு இரைந்தது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். ஒரு துண்டுப் பாணைப் பிய்த்து, சிவக்கச் சிவக்க இடித்த தேங்காய்ச் சம்பலை வைத்து நீட்டினாள். வேண்டுமா என்று கேட்கவில்லை. நானும் நன்றியெல்லாம் சொல்லாமல் வாங்கித் தின்றேன். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்து அக்கா என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. சிங்களத்திலும் அக்கா அக்காதானாம்.

வகுப்பு வேறு உலகமாக இருந்தது. மிஸ் எடித் ஒரு பக்கம் வாசிப்பார், விளக்குவார், புரிந்ததா என்பார். எல்லோருக்கும் முன்னால் என் தலை ஆடும். என்ன புரிந்தது, சொல் என்றால் என் கால் விரலைப் பார்ப்பேன். கேட்டால் சிரிப்பார்களோ என்று பயம். இவளுக்கு இதுகூடத் தெரியவில்லை என்று கடிதத்தில் எழுதிவிடுவாரோ என்று அதைவிடப் பெரிய பயம். ஒருநாள் மிஸ் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, "இப்படி ஆட்டுகிறாயே, கழுத்து வலிக்கவில்லையா?" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வரிசையாக நடந்து வந்தோம். வழியில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு கொழுந்து பறிக்கும் பெண் என் பாவாடை தாவணியைப் பார்த்து, "எந்த ஊரு புள்ள?" என்றார். போடி என்றேன். எழுந்தே நின்றுவிட்டார்.

"எங்காளுகளும் அந்தப் பக்கந்தேன். உத்தமபாளையம்னு சொல்லுவாக. நான் பாத்ததில்ல. ரெண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தத்துல எங்க பேரெல்லாம் லிஸ்ட்டுல வந்துருச்சாம், இந்தியாவுக்கு அனுப்பப் போறாகளாம்." கொஞ்சம் தயங்கினார். "அங்கன ஆத்துல தண்ணி வருமா?"

"வருசம் பூரா வரும்க்கா. பெரியாத்துத் தண்ணி மலையில இருந்து லோயர் கேம்ப்ல எறங்கி வரும். ரெண்டு பக்கமும் நெல்லாத்தான் இருக்கும்."

"நெல்லா?" என்று அவர் கேட்ட விதம் இன்னும் எனக்குள் இருக்கிறது. பார்த்திராத ஊரை அவர் அந்த ஒரு வார்த்தையில் கட்டிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கும் பானை கழுவினேன். அந்தத் தண்டனைக்காக மட்டும் எனக்குத் துளி வருத்தம் இல்லை.

தண்டனை இல்லாத நாளிலும் அடுக்களைக்குப் போக ஆரம்பித்தேன். சோமாக்காவிடம் என் இங்கிலீஷ் வெட்கப்படவில்லை. அவளுடையது முடம், என்னுடையது நொண்டி. இரண்டும் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தன. அவள் புருஷன் செத்த கதை, அண்ணன் மலைச்சரிவில் ஏலச்செடி போட்டிருக்கும் கதை, எங்கள் கடைவீதிக் கதை எல்லாம் அடுப்படியில் கைமாறின. நான் ஏலக்காய் ஊர்க்காரி என்று தெரிந்ததும் அவளுக்கு என்மேல் தனிப் பிரியம். அந்தப் பிரியத்தில்தான் வினை வந்தது.

மூன்றாம் வாரம் வெசாக் பண்டிகை நெருங்கிற்று. புத்தர் கோயிலுக்குக் கொண்டுபோகத் தொதல் கிண்டப் போவதாகச் சோமாக்கா சொல்லியிருந்தாள். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டி மாதிரியான ஒரு வெல்லமும் போட்டுக் கிண்டும் அல்வா அது. புதன்கிழமை நான் உள்ளே போனபோது, வெள்ளைத் துணி மூடிய தட்டை எடுத்து ஆசையாகத் திறந்து காட்டினாள்.

"எனசால். என் அண்ணன் தோட்டம்" என்றாள். எனசால் என்றால் ஏலக்காய்.

என் கை என்னைக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த வேலை. ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டினேன், பல்லில் கடித்தேன், உள்ளே இருந்த ஏல அரிசியை மென்றேன், தோலைத் தரையில் துப்பினேன். "ஈரம். காயவில்லை" என்று தீர்ப்பும் சொன்னேன். போடிக் கடைவீதியில் எந்தக் கடையிலும் காலையிலிருந்து சாயங்காலம்வரை இதுதான் நடக்கும்.

சோமாக்காவின் முகம் இருண்டது. தட்டைப் பிடுங்கினாள். சிங்களத்தில் சத்தம் போட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, பழக்கதோஷத்தில் தலையாட்டினேன். அதைப் பார்த்ததும் அவள் அழுதேவிட்டாள். என்னைக் கதவுக்கு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள்.

சாயங்காலம் மிஸ் எடித் கூப்பிட்டார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். சாமிக்குப் படைக்க எடுத்து வைத்ததை முகரக்கூட மாட்டார்களாம். நான் வாயில் வைத்துத் துப்பியிருக்கிறேன், அதுவும் சமையல் நடக்கிற இடத்தில். எங்கள் தெருவில் பாதிப் பேர் கோயிலுக்குப் படைக்கிறவர்கள்தான். பொங்கல் பானைக்குப் பக்கத்தில்கூட எங்களை ஓடிப்பிடித்து விளையாட விடமாட்டார்கள். துணி மூடிய தட்டைப் பார்த்ததுமே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஏலக்காய் என்றால் சரக்கு. சரக்கைக் கண்டால் கடிக்க வேண்டும் என்பதற்கு மேல் என் புத்தி போகவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள் சோமா உன்னை மறுபடி அடுக்களைக்குள் விட வேண்டும்" என்றார் மிஸ். "நான் உனக்காகப் பேச மாட்டேன். விடவில்லையென்றால் உன்னைக் கொழும்புக்கு அனுப்பிவிடுவேன். கடிதமும் கிடையாது."

அன்றைக்கு நன்றாக அழுதேன். தமிழில்தான். மதுரை போயிற்று, கம்பத்துத் திராட்சைத் தோட்டம் வந்தாயிற்று என்று நினைத்து அழுதேன். சோமாக்கா அழுத முகத்தை நினைத்தபோது அழுகை இன்னும் கூடியது.

வியாழக்கிழமை பூராவும் இந்திராணியும் நானும் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மன்னிப்பு தயார் பண்ணினோம். என் அறியாமையால் விளைந்த இப்பிழையைத் தாங்கள் பெருந்தன்மையோடு பொறுத்தருள வேண்டும் என்கிற மாதிரி நீளமான, இலக்கணம் பிசகாத வாக்கியம். வெள்ளிக்கிழமை காலை அடுக்களைக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தது மிஸ் எடித். உள்ளே மேசைமுன் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்திருந்தார். நான் இங்கேதான் இருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுபடி பீன்ஸை எடுத்துக்கொண்டார்.

வாக்கியத்தை ஒப்பித்தேன். ஒரு பிழை இல்லை. சோமாக்கா மிஸ்ஸைப் பார்த்து, "என்ன சொல்லுது இது?" என்றாள். மிஸ் பீன்ஸை முறித்தார்.

எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. எங்கள் பழைய இங்கிலீஷுக்கே திரும்பினேன்.

"சோமாக்கா. நான் கெட்ட வேலை. தெரியாது. உண்மை தெரியாது."

"கோயில் சாமான். வாய் வைத்தாய். துப்பினாய்."

"என் அப்பா கடை. ஆள் மூட்டை கொண்டு வருது. அப்பா ஒரு காய் கடி. துப்பு. ஆள் கோபம் இல்லை. அப்பா கடி இல்லை, ஆள் கோபம். என் காய் கெட்ட காயா, ஏன் கடி இல்லை என்று கோபம்."

சோமாக்காவின் கை நின்றது. "கடி இல்லை என்றால் கோபமா?"

"பெரிய கோபம். உங்கள் அண்ணன் காய் எனக்கு மரியாதை. அதனால் கடி. கோயில் தெரியாது."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு என்னவோ நீளமாகக் கேட்டாள். என் தலை ஆடக் கிளம்பிற்று. இந்தத் தலையாட்டலுக்குத்தானே அன்றைக்கு அவள் அழுதாள் என்று நினைவு வந்து கழுத்தைப் பிடித்து நிறுத்தினேன்.

"புரியவில்லை. மறுபடி சொல்லுங்கள்."

மறுபடி சொன்னாள். அப்போதும் புரியவில்லை.

"இன்னும் மறுபடி, அக்கா."

மூன்றாம் தடவை அவள் ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டிக் காட்டினாள். ஈரம் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறாள்! அவள் அண்ணன் காயைச் சந்தையில் எப்போதும் ஒதுக்கித் தள்ளிவிடுகிறார்களாம். ஏன் என்று யாரும் சொல்வதில்லையாம்.

அதற்குப் பிறகு நான் பேசிய இங்கிலீஷை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. உங்கள் அண்ணன் எங்கே காயவைக்கிறார்? பாயில், வெயிலில். மழை வந்தால்? வீட்டுக்குள். அங்கேதான் தப்பு. எங்கள் பக்கம் மலையில் ஸ்டோர் என்று தனிக் கட்டடம் கட்டி, உள்ளே தகரக் குழாயில் சூடு ஓடவிட்டு, புகை படாமல் காயவைப்பார்கள். குழாய்க்கு இங்கிலீஷ் தெரியாமல் அடுப்புக்கரியை எடுத்துத் தரையில் வரைந்தேன். அவளுக்கு ஒன்று தெரியவில்லை என்றால் என்னை நிறுத்திக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றால் நானும் நிறுத்திக் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மிஸ்ஸின் பீன்ஸ் எப்போதோ தீர்ந்திருந்தது. வெறும் கூடைமுன் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் சோமாக்கா ஒரு பானையை என் பக்கம் நகர்த்தினாள். "தண்ணீர் சூடு. கை கவனம்" என்றாள். அது போதும் எனக்கு. மிஸ் எழுந்து போய், அலமாரியில் பூட்டி வைத்திருந்த எங்கள் ஏலக்காய்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வருஷம் போடிக் கிறிஸ்தவ வீடு ஒன்றின் ஏலக்காய் புத்தர் கோயில் தொதலில் மணந்தது. அதில் கொஞ்சம் அண்ணனுக்கு மாதிரி காட்ட வேண்டும் என்று சோமாக்கா ஒரு துணியில் முடிந்துகொண்டாள்.

நான்காம் வாரம் வகுப்பில் நான் ஒரு தொல்லையாக மாறிப்போனேன். வரிக்கு வரி கை தூக்கினேன். புரியவில்லை, மறுபடி. சாப்பாட்டு மணி அடித்த பிறகும் மறுபடி. கண்டிப் பெண்கள் என்னை முறைத்தார்கள். இங்கிலீஷ் திருந்திவிட்டது என்று சொல்ல முடியாது. நேற்று வருவேன், நாளைக்குப் போனேன் என்றுதான் பேசினேன். ஆனால் பேசினேன்.

கிளம்பும் நாள் மிஸ் எடித் ஒட்டிய உறையைக் கையில் கொடுத்தார். மேலே அப்பா பெயர். திரும்பும் கப்பலில் எனக்கு வாந்தி வரவில்லை. அந்த உறை வேறு எதையும் நினைக்கவிடவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. போஸ்ட்மாஸ்டரிடமோ பாதிரியாரிடமோ கொண்டுபோவார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். அக்கா குழந்தையோடு வந்திருந்தாள். அம்மா சோறு போடுவதற்குள் அப்பா கடையிலிருந்து வந்துவிட்டார். பேனாக்கத்தியால் உறையைக் கிழித்து, உள்ளே இருந்த தாளை என்னிடமே நீட்டினார்.

"நீயே வாசிச்சுச் சொல்லு ஆத்தா. ஒன்னையத்தானே இங்கிலீஷுக்கு அனுப்புனேன்."

ஒரு பக்கம்தான். முதலில் எனக்குள் வாசித்தேன். எல்லாம் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. நான் என்ன சொன்னாலும் அப்பா நம்பியிருப்பார். இவளுக்கு எல்லாம் புரியும் என்று எழுதியிருக்கிறார் என்றால் முடிந்தது காரியம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு, கடையில் மூட்டைக்காரர் சொல்வதைக் கேட்கிற மாதிரி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளதை உள்ளபடி சொல்ல ஆரம்பித்தேன்.

"ஐயா, உங்கள் மகள் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு பிழையாவது விடுகிறாள். கல்லூரிப் பாடம் அவளுக்குப் புரியும் என்று நான் எழுத முடியாது. ஆரம்பத்தில் பாதிக்கு மேல் புரியாது. ஆனால் இங்கே வந்தபோது புரியாததற்கெல்லாம் தலையாட்டினாள். போகும்போது, புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்கிறாள். இதைத்தான் நான் சொல்லிக்கொடுக்க நினைக்கிறேன். முக்கால்வாசிப் பேர் கற்றுக்கொள்வதில்லை."

"பாதி புரியாதுன்னா எழுதிருக்காக?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

அவர் சொன்ன நிபந்தனை அது இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மா கரண்டியோடு நின்றாள். நான் தாளை மடித்தேன்.

அப்போது அக்கா பேசினாள். குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கும் பாதி புரிஞ்சதுப்பா. மீதியக் கேக்கலாம்னே தெரியல. கேட்டாச் சிரிப்பாகன்னு மூணு வாரமும் வாயத் தொறக்கல."

அப்பா அவள் பக்கம் திரும்பினார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல ஆத்தா."

"நீங்களும் கேக்கலையேப்பா."

அப்பா சாப்பிடாமலே கடைக்குப் போய்விட்டார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, கல்லூரிப் படிவத்தை என்னிடம் கொடுக்காமல் அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"இதுல என்னென்ன கேட்டிருக்காக, அங்கன போனா என்னென்ன கேப்பாகன்னு ஒனக்குத்தான் தெரியும் ரூத்து" என்றார். "எனக்குத் தெரியாது. நீ ஒக்காந்து தங்கச்சிக்கு எழுதிக் குடு ஆத்தா."

அக்கா அந்தப் படிவத்தை வாங்கி விரித்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு, அப்பாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டாள்.